வி9 என்னும் மூன்று கால் உறுப்பு: மின்சுற்று வரைபடக் குறியீடு ஒன்றைத் தவறாகப் படித்த நிகழ்வின் ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரை ஒட்டி இயங்கும் எங்கள் பணிமனைக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி நூற்பாலைகளின் மின்னணுப் போர்டுகளைப் பழுது பார்ப்பது. சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவினர், கோன் வைண்டிங் (நூலைக் கூம்பில் சுற்றும்) இயந்திரம் ஒன்றின் பவர் சப்ளையைக் கொண்டுவந்து ஒப்படைத்தனர். 230 வோல்ட் ஏசியை வாங்கி 12 வோல்ட் டிசியாகத் தரும் எஸ்எம்பிஎஸ் (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து மாற்றும் பவர் சப்ளை) அது. ஐரோப்பாவில் செய்யப்பட்ட அந்த இயந்திரத்துக்கு வயது அதிகம். மாற்று யூனிட் கிடைக்காது. ஆன் செய்தால் டிக் டிக்கென்று சத்தம் மட்டும் வருகிறது, வெளியே வோல்ட்டேஜ் வருவதில்லை என்பது அவர்கள் சொன்ன குறை.

பெட்டியைத் திறந்ததுமே, அது எங்களிடம் வருவதற்கு முன் வேறொருவர் கையில் இருந்திருக்கிறது என்பது தெரிந்தது. செகண்டரி பக்கத்தில், அதாவது 12 வோல்ட் வெளிவரும் பக்கத்தில், பல இடங்களில் ஃப்ளக்ஸ் (சால்டர் பசை) கறை காயாமல் கிடந்தது. போர்டில் வி9 என்று அச்சிட்ட இடத்தில் உறுப்பு இல்லை. மூன்று துளைகளும் அவற்றைச் சுற்றி அரைவட்டக் கோடும் மட்டும் இருந்தன. கழற்றியவர் யார், கழற்றிய உறுப்பு எங்கே போனது என்பதை நூற்பாலையினரால் சொல்ல முடியவில்லை. ஆகவே அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதை உறுப்பைப் பார்த்து அறியும் வழி அடைபட்டு, வரைபடத்தைப் பார்த்து அறியும் வழி ஒன்றே மிஞ்சியது.

வரைபடமும் நல்ல நிலையில் இல்லை. ஜெராக்ஸிலிருந்து எடுத்த ஜெராக்ஸ் இரண்டு தாள்கள் கிடைத்தன. உறுப்புகளின் பட்டியல் இருந்த பக்கம் தொலைந்திருந்தது. வேலையை ஏற்றவர்கள் இருவர். ஒருவர் டிவி, யுபிஎஸ், இன்வெர்ட்டர் ஆகியவற்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவமுள்ள மூத்த தொழில்நுட்பர். மற்றவர் டிப்ளமோ முடித்துச் சேர்ந்து ஓராண்டு ஆகாத பயிலுநர். பணிமனையின் பொறுப்பும், பழுது நீக்கும் முறைக்கு ஒப்புதல் தரும் பொறுப்பும் என்னுடையவை.

வரைபடத்தில் கண்டவை

டிக் டிக் சத்தத்தின் காரணம் அன்று காலையிலேயே பிடிபட்டுவிட்டது. யுசி3842 என்ற கட்டுப்பாட்டு ஐசிக்கு மின்சாரம் தேக்கித் தரும் 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வறண்டிருந்தது. அந்த ஐசி சுமார் 16 வோல்ட் கிடைத்ததும் விழித்து, சுமார் 10 வோல்ட்டுக்குக் கீழே போனதும் உறங்கிவிடும். கெப்பாசிட்டர் வறண்டுபோனால் விழித்த கணமே வோல்ட்டேஜ் சரிந்து மீண்டும் உறங்கிப்போகும். அந்த விழிப்பும் உறக்கமும்தான் சத்தமாகக் கேட்கிறது. முன்பு கை வைத்தவர் இதைக் காணாமல் செகண்டரி பக்கத்து உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். கெப்பாசிட்டரை மாற்றியாயிற்று, எஞ்சியது வி9.

வரைபடம் ஐ.இ.சி. என்ற பன்னாட்டு மின்தர அமைப்பின் முறையை ஒட்டி வரைந்தது. நாம் பாடப்புத்தகத்தில் கற்ற வளைந்து வளைந்து செல்லும் மின்தடைக் கோடு அதில் இல்லை. வெற்றுச் செவ்வகம்தான் மின்தடை. அதே செவ்வகத்தின் நடுவே நீளவாக்கில் கோடு ஓடினால் ஃபியூஸ், கறுப்பாக நிரப்பியிருந்தால் காயில், சாய்வுக் கோடும் யு என்ற எழுத்தும் சேர்ந்தால் மிகை வோல்ட்டேஜைத் தாங்கும் வேரிஸ்டர். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் உள்ளீடற்ற பட்டை நேர்முனை, நிரப்பிய பட்டை எதிர்முனை. இவற்றை எங்கள் மூத்தவர் முன்பே அறிந்திருந்ததால் முதல் அரைமணி நேரத்தில் தாளின் பெரும்பகுதி விளங்கிவிட்டது. பெரும்பகுதி விளங்கியதே, விளங்காத ஒன்றையும் விளங்கியதாக எண்ணிக்கொள்ள எங்களுக்குத் துணிவு தந்தது என்று இப்போது தோன்றுகிறது.

விளங்காத அந்த ஒன்று, ஒரு டயோடு முக்கோணமும் அதன் முனையில் ஒரு பட்டையும் பக்கவாட்டிலிருந்து நுழையும் மூன்றாவது கோடும் கொண்ட குறி. ஜெராக்ஸில் முக்கோணம் மைபடிந்து கறுத்திருந்தது. பட்டையின் இரு நுனிகளும் மங்கியிருந்தன. பக்கத்தில் வி9 என்ற எழுத்தைத் தவிர வேறு குறிப்பு எதுவும் இல்லை. நமக்குப் பழக்கமான வரைபடங்களில் டி என்றால் டயோடு, க்யூ என்றால் டிரான்சிஸ்டர் என்று எழுத்தே பாதி அடையாளத்தைச் சொல்லிவிடும். அந்தக் காலத்து ஜெர்மானிய வழக்கில் டயோடு, டிரான்சிஸ்டர், தைரிஸ்டர், பழைய வால்வு எல்லாவற்றுக்கும் வி என்ற ஒரே எழுத்துதான்.

குறியின் முக்கோணத்துப் பக்கம் கிரவுண்டோடும், பட்டைப் பக்கம் ஓர் எல்இடியின் வழியாகவும் ஒரு மின்தடையின் வழியாகவும் 12 வோல்ட் வரியோடும் (வெளிவரும் மின்பாதையோடும்) இணைந்திருந்தது. மூன்றாவது கோடு, 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தொடராக இருந்த 18கே, 4கே7 (18, 4.7 கிலோஓம்) மின்தடைகளின் சந்திப்புக்குப் போனது. எல்இடிக்கு அருகில் யு3 என்று எழுதியிருந்தது.

முதல் முடிவும் அதன் காரணமும்

மூத்த தொழில்நுட்பர் அதை எஸ்சிஆர், அதாவது கேட் என்ற காலில் தூண்டினால் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் தைரிஸ்டர் என்று கணித்தார். அந்தக் கணிப்புக்கு அடிப்படை இல்லாமல் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வெளிவரும் வோல்ட்டேஜ் எல்லை மீறினால் எஸ்சிஆரைத் தூண்டி வரியைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும் பாதுகாப்பு முறை பழைய பவர் சப்ளைகளில் பரவலாக உண்டு. அப்படிப்பட்ட பலவற்றை அவர் தம் கையால் பழுது பார்த்திருக்கிறார். மின்தடைகளின் சந்திப்பிலிருந்து கேட்டுக்குக் கோடு, வரிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே உறுப்பு, பாதுகாப்பு செயல்பட்டதைக் காட்ட ஓர் எல்இடி என்று எல்லாம் அந்தச் சித்திரத்தில் பொருந்தி வந்தன.

பயிலுநர் மட்டும் ஓர் ஐயம் எழுப்பினார். "அண்ணா, ஆனோடு போய் கிரவுண்டுல நிக்குதுங்களே?" என்றார். எஸ்சிஆரில் மின்னோட்டம் ஆனோடிலிருந்து (முக்கோணப் பக்கம்) கேத்தோடுக்குத்தான் (பட்டைப் பக்கம்) பாயும். ஆகவே ஆனோடு நேர்ப்பக்கத்தில் இருந்தாக வேண்டும். வரைபடத்திலோ முக்கோணம் கிரவுண்டில் நின்று மேல்நோக்கிப் பார்த்தது. "வெளிநாட்டு ட்ராயிங் தம்பி, அவங்க முறை வேற" என்று பதில் வந்தது. நானும் அருகில்தான் இருந்தேன். அன்று முடிக்க வேண்டிய வேறு இரண்டு போர்டுகள் மேசையில் இருந்தன. எஸ்சிஆரையே போட்டுப் பார்க்கலாம் என்று நான் ஒப்புக்கொண்டேன். அந்த ஒப்புதலே இந்த நிகழ்வின் மையப் பிழை என்று கருதுகிறேன்.

கையிருப்பில் பிடி169 எஸ்சிஆர் இருந்தது. போர்டில் வி9-இன் நடுத் துளை கிரவுண்டுக்குப் போகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொண்டார்கள். பிடி169-இலோ நடுக்கால் கேட். எனவே இரண்டு கால்களை ஒன்றின் மேல் ஒன்றாக வளைத்து, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு காலுக்கு மஞ்சள் ஸ்லீவ் மாட்டி, குறுக்காகச் செருகிச் சால்டர் வைத்தார்கள். போர்டை வடிவமைத்தவர் தம் உறுப்பின் கால்கள் நேராக இறங்கும்படிதான் துளை போடுவார். அந்த மஞ்சள் ஸ்லீவைப் பார்த்ததும் எங்கள் மூவரில் ஒருவராவது கையை நிறுத்தியிருக்க வேண்டும்.

சோதனையில் நடந்தது

எங்கள் வழக்கப்படி மிகை மின்னோட்டத்தைத் தடுக்கத் தொடராக இணைக்கும் 60 வாட் சீரிஸ் பல்பு வழியாகவே மின்சாரம் கொடுக்கப்பட்டது. இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் போர்டை இணைக்கவில்லை. அதற்குப் பதிலாக 12 வோல்ட், 21 வாட் கார் பல்பு ஒன்று சுமையாக வைக்கப்பட்டது. ஸ்விட்ச் போட்டதும் கார் பல்பு எரிந்தது. டிக் டிக் சத்தம் இல்லை. முதல் நொடியில் மூவருக்கும் வேலை முடிந்தது என்ற எண்ணமே வந்தது.

பல்பின் ஒளி வழக்கமான மஞ்சளில் நிற்காமல் வெளுத்துக்கொண்டே போனது. மல்டிமீட்டர் 14, 16 என்று ஏறி, 19-ஐத் தாண்டியும் நிற்கவில்லை. வெளிவரியில் இருந்த 16 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டில் ஒன்றின் தலை உப்பி, மேலே இருந்த சிலுவைக் கோடு மெல்லப் பிரிந்தது. பயிலுநர்தான் பிளக்கைப் பிடுங்கினார்.

காயம் யாருக்கும் இல்லை. கட்டுப்பாட்டுப் போர்டை மட்டும் இணைத்திருந்தால், எங்கும் கிடைக்காத அந்த ஐசிக்கள் 12 வோல்ட்டுக்குப் பதிலாக 19 வோல்ட்டை வாங்கியிருக்கும்; அந்த இயந்திரமே ஓரங்கட்டப்பட்டிருக்கும். சுமைக்குப் பல்பை வைக்கும் பழைய பழக்கம் ஒன்றே எங்களைக் காத்தது.

மறு ஆய்வு

அன்று மாலை மூவரும் வேறு வேலையைத் தொடாமல் வி9-ஐ மட்டும் ஆராய்ந்தோம். மெயின்ஸ் மின்சாரம் நுழையும் பிரைமரி பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் தேங்கி நிற்கக்கூடும் என்பதால் அதை மின்தடை வழியே வடித்துவிட்டுத்தான் போர்டில் கை வைத்தோம். இந்த முறை குறியின் வடிவத்திலிருந்து தொடங்கவில்லை. குறியை மூடி வைத்துவிட்டு, மூன்று கால்களும் எங்கெங்கே போகின்றன என்பதை மட்டும் போர்டில் தொடர்ந்தோம்.

முதல் உண்மை எல்இடி இருந்த இடத்தில் வெளிப்பட்டது. போர்டில் அப்படி ஓர் எல்இடியே இல்லை. வி9-இன் ஒரு கால் நான்கு கால் கொண்ட கறுப்பு ஐசி ஒன்றின் இரண்டாம் காலுக்குப் போனது. அது பிசி817 வகை ஆப்டோகப்ளர், அதாவது செகண்டரியிலிருந்து பிரைமரிக்கு ஒளி வழியே செய்தி கடத்தும் உறுப்பு. வரைபடத்தில் யு3-இன் எல்இடிப் பாதி இரண்டாம் தாளிலும், ஒளியை வாங்கும் டிரான்சிஸ்டர்ப் பாதி முதல் தாளிலும் தனித்தனியே வரையப்பட்டிருந்தன. அந்த வழக்கில் அறிவிப்பு விளக்குக்கு உரிய எழுத்து எச். அதே தாளின் மூலையில் முகப்புப் பச்சை விளக்குக்கு எச்1 என்று போட்டிருந்ததை அதுவரை நாங்கள் கவனிக்கவே இல்லை. எல்இடியை விளக்கு என்று தவறாகப் படித்தோம். அந்தத் தவறு வி9-ஐ எஸ்சிஆர் என்று படித்த தவறுக்கு முட்டுக் கொடுத்தது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று தாங்கி நின்றதால் இரண்டுமே சரியாகத் தெரிந்தன.

இரண்டாவதாக, கணக்குப் போட்டோம். 12 வோல்ட் வரியில் 18கே, 4கே7 சந்திப்பில் நிற்கும் வோல்ட்டேஜ், 12-ஐ 4.7-ஆல் பெருக்கி 22.7-ஆல் வகுத்தால், 2.48. எஸ்சிஆரின் கேட் ஏறக்குறைய 0.7 வோல்ட்டிலேயே தூண்டப்பட்டுவிடும். இந்த மின்தடைகளோடு நேராக வைத்த எஸ்சிஆர் ஒன்று, கேட் மின்னோட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், வரி 3 முதல் 7 வோல்ட்டுக்குள் இருக்கும்போதே விழுந்துவிடும். 12 வோல்ட்டைக் காக்க வந்த உறுப்பு 12 வோல்ட்டை எட்டவே விடாது என்றால் அது அந்த வேலைக்கான உறுப்பு அல்ல. 2.48 என்ற எண்ணோ தன் பெயரைத் தானே சொல்லும் எண். டிஎல்431 என்ற மூன்று கால் ரெகுலேட்டரின் உள்ளே இருக்கும் ஒப்பீட்டு வோல்ட்டேஜ் 2.495. அதை 4.7-ஆல் வகுத்து 22.7-ஆல் பெருக்கினால் 12.05 கிடைக்கிறது.

மூன்றாவது சான்று, மூன்றாம் காலுக்கும் ஆப்டோகப்ளர் பக்கத்துக் காலுக்கும் இடையே இருந்த ஒரு சிறிய கெப்பாசிட்டர். எஸ்சிஆர் ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான். அதற்கு இப்படி ஒரு கெப்பாசிட்டர் தேவைப்படாது. வரி ஏறும்போது இழுத்தும் இறங்கும்போது விட்டும் ஓயாமல் சரிசெய்யும் ஓர் உறுப்பு, அலைபாயாமல் இருப்பதற்குத்தான் அது தேவை.

இவ்வளவுக்கும் பிறகே உருப்பெருக்கிக் கண்ணாடியில் குறியைப் பார்த்தோம். மங்கிய பட்டையின் இரு நுனிகளும் எதிரெதிர்த் திசையில் மடங்கியிருந்தன. அதாவது அது ஜீனர் டயோடின் பட்டை. மூன்றாவது கோடு, எஸ்சிஆரில் போலப் பட்டைப் பக்கத்திலிருந்து சாய்வாகக் கிளம்பாமல், முக்கோணத்தின் பக்கவாட்டில் நேராக நுழைந்தது. இதுதான் டிஎல்431-இன் குறி. ஜீனரைப் போலவே இதிலும் கேத்தோடு நேர்ப்பக்கம், ஆனோடு கிரவுண்டு. பயிலுநர் காலையில் கேட்ட கேள்விக்கு விடை அதுவே. ஆனோடு கிரவுண்டில் நிற்பது வெளிநாட்டு வழக்கம் அல்ல, அந்த உறுப்பின் இயல்பு.

நடந்த விபத்தும் இப்போது விளங்கியது. வரைபடப்படி தலைகீழாக நின்ற எஸ்சிஆர் மின்சாரத்தைக் கடத்தவே இல்லை. ஆப்டோகப்ளரின் எல்இடி ஒருபோதும் எரியவில்லை. அந்த ஒளிதான் வோல்ட்டேஜ் போதும் என்ற செய்தி. அது வராததால், வோல்ட்டேஜ் குறைவாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு பிரைமரி பக்கம் மேலும் மேலும் தள்ளிக்கொண்டே இருந்தது.

பழுது தீர்ந்த விதம்

புதிய டிஎல்431-ஐ நேராகப் போர்டில் பொருத்தவில்லை. அதன் ரெஃபரன்ஸ் காலையும் கேத்தோடையும் சேர்த்து, 12 வோல்ட்டிலிருந்து 1கே மின்தடை வழியே மின்சாரம் கொடுத்து அளந்தோம், 2.49 வோல்ட் காட்டியது. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக ரெஃபரன்ஸ், ஆனோடு, கேத்தோடு. போர்டின் நடுத் துளை கிரவுண்டு என்பது நினைவிருக்கும். கால்கள் மூன்றும் வளைக்காமல், ஸ்லீவ் இல்லாமல் நேராக இறங்கின.

அடுத்துச் செய்த சோதனையை இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. மெயின்ஸ் பிளக்கைச் செருகாமல், வெளிவரியின் 12 வோல்ட் முனைகளில் ஆய்வுக்கூடப் பவர் சப்ளையை இணைத்து, மின்னோட்ட வரம்பை 100 மில்லிஆம்பியரில் வைத்தோம். ஆப்டோகப்ளரின் எல்இடிக்குத் தொடராக உள்ள மின்தடையின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, 11 வோல்ட்டிலிருந்து மெல்ல ஏற்றினோம். 12 வரை மீட்டர் ஏறக்குறைய அசையாமல் இருந்தது. 12-ஐத் தாண்டி 12.1-ஐ எட்டுவதற்குள் சட்டென்று பல வோல்ட்டுக்குத் தாவியது. திரும்ப இறக்கினால் அதே இடத்தில் விழுந்தது. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால், எஸ்சிஆருடன் மீட்டர் எத்தனை வோல்ட் ஏற்றினாலும் தாவியிருக்காது. ஒரு கெப்பாசிட்டரும் உப்பியிருக்காது.

உப்பிய கெப்பாசிட்டரோடு அதன் இணையையும் சேர்த்து 25 வோல்ட், 105 டிகிரி வகைக்கு மாற்றினோம். மறுநாள் சீரிஸ் பல்பு வழியே கொடுத்தபோது 12.04 வோல்ட்டில் நின்றது. இரண்டு மணி நேரம் கார் பல்போடு ஓடவிட்டு, அதன் பிறகு நூற்பாலையினர் முன்னிலையில் இயந்திரத்தில் இணைத்தோம். இயந்திரம் ஓடியது. எங்கள் பிழையால் மாற்றிய கெப்பாசிட்டர்களுக்கு அவர்களிடம் பணம் வாங்கவில்லை. என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னோம்.

அதற்குப் பின்

அதே வரைபடத்தில் இன்னொரு புதிய குறியும் இருந்தது. ஒன்றையொன்று நோக்கிய இரண்டு அம்புத்தலைகள், நடுவே சிறு இடைவெளி. அருகில் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆவணத்தை முடித்து வைப்பதற்காகப் பயிலுநர் தாமே அதை ஆராய்ந்தார். அது மெயின்ஸ் பக்கத்து இரட்டைச் சுற்றுக் காயிலின் இரு முனைகளுக்கு நடுவே இருந்தது. போர்டில் அந்த இடத்தில் எந்த உறுப்பும் இல்லை, உறுப்புக்கான துளையும் இல்லை. போர்டைத் திருப்பிப் பார்த்தால், காயிலுக்கு நேர் கீழே செம்புத் தடங்கள் இரண்டு பற்களைப் போல எதிரெதிரே நீண்டு, நடுவில் இடைவெளி விட்டு நின்றன. இடிமின்னல் நாளில் மிகை வோல்ட்டேஜ் பொறியாகத் தாவிக் கழிந்துபோவதற்கான பொறி இடைவெளி அது. கடையில் வாங்கும் பொருள் அல்ல, செம்பிலேயே வெட்டியது. குறியை எந்தப் பட்டியலிலும் தேடாமல் அவர் இதைக் கண்டுபிடித்தார்.

இப்போது மாறியுள்ளவை

அறியாத குறி எதிர்ப்பட்டால் அதன் வடிவத்தை வைத்து மட்டும் பெயர் சூட்டுவதை நிறுத்திவிட்டோம். கால்கள் போகும் இடம், அங்கே நிற்க வேண்டிய வோல்ட்டேஜின் கணக்கு, போர்டில் உள்ள துளைகளின் வரிசை ஆகிய மூன்றும் ஒத்துவந்த பிறகே உறுப்பு வாங்கப்படுகிறது. வடிவம் நான்காவது சான்று. வடிவத்தைக் கடைசிக்குத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. மின்தடையின் குறியே ஊருக்கு ஊர் மாறுகிறது. அமெரிக்க வழக்கைச் சொல்லும் ஐஇஇஇ 315 ஒன்றாகவும், ஐ.இ.சி. 60617 வேறாகவும் இருக்கின்றன. நிறுவனங்கள் தத்தம் வழக்கையும் சேர்த்துக்கொள்கின்றன. பிலிப்ஸ் டிவி வரைபடங்களில் எழுத்துக்குப் பதில் எண்ணே அடையாளம். 2-இல் தொடங்கினால் கெப்பாசிட்டர், 3 மின்தடை, 6 டயோடு, 7 டிரான்சிஸ்டரும் ஐசியும். ஒரு வரைபடத்தைக் கையில் எடுத்ததும் அது எந்த வழக்கைச் சேர்ந்தது என்பதை முதலில் தீர்மானித்து, தாளின் மேல் பென்சிலில் எழுதிவிடுகிறோம். வெவ்வேறு தாளில் பிரித்து வரைந்த ஒரே உறுப்பின் பாதிகளை, வேலை தொடங்கும் முன் ஒரே நிற மையால் வட்டமிடுகிறோம்.

கால்களைக் குறுக்காக வளைத்துப் பொருத்த நேர்ந்தால், என் கையெழுத்து இல்லாமல் மின்சாரம் கொடுக்கக்கூடாது என்பதும் விதி. உறுப்பு சரிதானா என்ற கேள்வியை எவர் எழுப்பினாலும், அதற்கு அளவீட்டால் பதில் கிடைக்கும் வரை அந்தப் போர்டு மேசையிலிருந்து சோதனைப் பக்கம் நகராது. மூத்த தொழில்நுட்பரே இதை வலியுறுத்தி எழுதச் சொன்னார்.

நூற்பாலைக்குத் திருப்பிக் கொடுத்த வரைபடத்தின் இரண்டாம் தாளில், வி9 அருகே டிஎல்431 என்றும், யு3-இன் எல்இடிக்கு அருகே ஆப்டோகப்ளர், மறுபாதி முதல் தாளில் என்றும், 18கே, 4கே7 சந்திப்பில் 2.5 வோல்ட் என்றும் பயிலுநரின் கையெழுத்தில் இருக்கிறது. அதன் நகல் ஒன்றை எங்கள் கோப்பிலும், இன்னொன்றைப் பவர் சப்ளைப் பெட்டியின் உள்மூடியிலும் ஒட்டி வைத்திருக்கிறோம்.